கூடுதலாக இருந்த ஒரு பதக்கம்

போன வாரம் உங்கள் நால்வரையும் எம்.ஆர்.ஐ. காந்த அறைக்குள் அழைத்துப்போய், நூலில் கட்டிய ஒரு குண்டூசியை நீட்டிப் பிடித்தேன். தரையைப் பார்த்துத் தொங்கவேண்டிய ஊசி, எந்திரத்தின் வாயை நோக்கிப் படுக்கைவாட்டில் அந்தரத்தில் நின்றது. நீங்கள் சிரித்தீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் சிரித்தவள்தான். ஆனால் நூலை விட்டிருந்தால் ஊசி எங்கே போயிருக்கும் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறையை நான் சொல்லப்போவதில்லை. படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், மறந்துபோனதை எந்திரமே ஞாபகப்படுத்தும். அந்தக் கதவைத் திறக்கலாமா கூடாதா என்பதை மட்டும் அது ஒருநாளும் சொல்லாது. காந்தத்தை நாம் காலையில் போட்டு மாலையில் அணைப்பதில்லை. அது எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கதவு ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

வருகிறவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். "உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா?" நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்பார்கள். வாடிப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படித்தான் இல்லை என்றார். தாலிக்கயிற்றில் கொத்தாக ஊக்குகள் தொங்கின. காட்டிக் கேட்டேன். "இதையா கேட்ட? இது ஊக்குல்ல தாயி! நீ உலோகம்னுல்ல கேட்ட" என்று என்னையே கோபித்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உலகத்தில் உலோகம் என்பது வேறு எங்கோ இருக்கிற பொருள்.

இன்னொரு விதமான 'இல்லை'யும் உண்டு. அதை நான் எங்கள் வீட்டில் கற்றேன். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவிடம் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். "ஏதாச்சும் சொல்லணுமாப்பா?" "இல்லைங்க." "குறை ஏதும் உண்டா?" "இல்லைங்க." அந்த 'இல்லைங்க' எதற்கும் பதில் இல்லை. கேள்வி கேட்பவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்க ஒரு வழி, அவ்வளவுதான். வயிற்றுவலியோடு நிற்கும்போதும் அப்பா அதைத்தான் சொல்வார். இதைத் தெரிந்துகொள்ள நான் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. ஒரு குடியரசு தினத்தில் அது எனக்குக் கைகொடுத்தது.

விடுமுறை நாள் என்பதால் காந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். காலையில் கொடியேற்றம் முடிந்து, மிட்டாய் வாயில் கரையும் நேரத்தில் அவசரப் பிரிவிலிருந்து ட்ராலி வந்தது. படுத்திருந்தவர் ஆரோக்கியசாமி. வயது எழுபதைத் தாண்டியவர், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். பரவை ஊரில் முன்னாள் படைவீரர்கள் நடத்திய கொடியேற்றத்தில் கொடிக்குச் சல்யூட் வைத்தபடியே கால் துவண்டு விழுந்திருக்கிறார். முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று நரம்பை அழுத்துகிறது, இடுப்புக்குக் கீழே உணர்வு குறைந்துகொண்டே வருகிறது என்று எழுதியிருந்தது. எந்த இடத்தில் அழுத்துகிறது என்று படம் காட்டினால்தான் அறுவை சிகிச்சை. தாமதிக்கத் தாமதிக்கக் கால்கள் திரும்பக் கிடைப்பது சந்தேகம்.

கூடவே மகள் ஸ்டெல்லா வந்திருந்தார், பள்ளி ஆசிரியை. அவருக்குப் பின்னால் கோரிப்பாளையத்துக்காரர் ஒருவர், காதர் மைதீன். ஆரோக்கியசாமியோடு ஒரே நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர். இரண்டு பெரியவர்களின் சட்டையிலும் பதக்க வரிசை இருந்தது.

"பேஸ்மேக்கர், ஸ்டென்ட், கம்பி, பிளேட்டு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இல்ல."

"கடற்படையில என்ன வேலை ஐயா?"

"எஞ்சின் ரூம்."

"கண்ணுலயோ உடம்புலயோ இரும்புத்தூள் எப்பவாச்சும் தெறிச்சிருக்கா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. கதவத் தொற."

அதிகாரம் பண்ணிப் பழகிய குரல். பதக்கங்களைக் கழற்ற வேண்டும் என்றேன். அவற்றைப் பிடித்திருந்த ஊசி இரும்பு. என் கையைத் தடுத்துவிட்டு, "காதரு" என்றார். காதர் ஐயாதான் கழற்றினார். கழற்றியதைப் பையில் போடவில்லை, கீழேயும் வைக்கவில்லை. தன் நெஞ்சிலிருந்த வரிசைக்கு நேர் கீழே உள்ளங்கையில் ஏந்தி நின்றார்.

வார்டு அண்ணன் ஆரோக்கியசாமிக்கு மருத்துவமனை உடையை மாற்றிக்கொண்டிருந்தார். நான் கதவுச் சாவியோடு காத்து நின்றேன். எதிரே மேலும் கீழுமாக இரண்டு வரிசைகள். ஒரே போர், ஒரே கப்பல், ஒரே வண்ணப் பட்டைகள் அதே ஒழுங்கில் இருந்தன. மேல் வரிசையில் மட்டும் ஆரம்பத்திலேயே ஒன்று கூடுதல். வெள்ளைப் பட்டையில் நடுவே சிவப்பு.

"உங்களுக்கு மட்டும் ஒண்ணு கூட இருக்கே ஐயா?"

"இதுவா? இது வீரத்துக்கு இல்ல தாயி, காயத்துக்கு." சட்டைக்கையைச் சுருட்டி முழங்கைக்கு மேலே ஓடிய நீளமான தழும்பைக் காட்டினார். "சண்டையில எதிரி அடிச்சு காயம் பட்டா குடுக்கறது. மாப்ளைக்கும் வந்திருக்கணும். வாயத் தொறந்தாத்தானே?"

ட்ராலியில் கிடந்த சிநேகிதரைக் காட்டிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் கையில் இருந்த சாவி அப்படியே நின்றுவிட்டது.

"அவருக்கு எங்க காயம்?"

அவருடைய சிரிப்பு நின்றது. "அது பழைய சங்கதி. எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கறது."

"ஐயா, உள்ள இருக்கறது காந்தம். சின்ன இரும்புத் துணுக்கா இருந்தாலும் உடம்புக்குள்ளயே திருப்பிரும். சொல்லுங்க, எங்க?"

அவர் ட்ராலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

தண்ணீருக்கடியில் இருக்கிறார்கள். மேலே எதிரியின் கப்பல் தேடிக்கொண்டு நிற்கிறது. அது போட்ட குண்டு பக்கத்தில் எங்கோ வெடித்து, சப்மரீனையே உலுக்கி எடுத்தது. ஒரு குழாய் மூட்டு தெறித்தது. காதரின் கை கிழிந்தது. பக்கத்தில் நின்ற ஆரோக்கியசாமியின் கண்ணில் பொடியாக ஏதோ பாய்ந்தது.

"கத்தக்கூடாது தாயி. ஒரு ஸ்பேனரு கீழ விழுந்தாக்கூட மேல இருக்கவனுக்குக் கேட்டுரும். மாப்ள துணிய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டான். கரைக்கு வந்தப்புறம் என் கையத் தச்சாங்க. இவன் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கண்ணுல குறைன்னா சப்மரீன்ல இருந்து இறக்கி, கரையில ஸ்டோர்ல உக்கார வச்சிருவாங்கல்ல? அவனுக்கு அது செத்ததுக்குச் சமம். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"எந்தக் கண்ணு?"

"இடது."

ட்ராலியிடம் வந்தேன். "ட்ராலிய எக்ஸ்ரேக்குத் திருப்புங்கண்ணே" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து சேர்ந்தார். கால்களைக் கிள்ளிப் பார்த்தார். முகம் இறுகியது. "இன்னும் ஏன் வெளிய நிக்குது? தியேட்டர் ரெடியா இருக்கு."

"கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு உள்ள விடுறேன் சார். பழைய இரும்புத் துணுக்கு இருக்கலாம்னு சந்தேகம்."

"முதுகுக்குப் படம் கேட்டா கண்ணுக்கு எடுக்கறியா? யார் சொன்னா?"

நான் காதர் ஐயாவைப் பார்த்தேன். மருத்துவரும் பார்த்தார். ட்ராலியில் இருந்து ஆரோக்கியசாமியும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்கமுடியாது. அதில் கோபம் இல்லை. வாயில் துணியைக் கடித்துக்கொண்டு ஒருவன் இன்னொருவனைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

காதர் ஐயா அவசரமாகத் தலையை ஆட்டினார். "நான்... அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது டாக்டர். ஒண்ணுமில்ல."

எனக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

"கேட்டியா?" என்றார் மருத்துவர்.

"அம்பது வருஷமா இந்தக் கண்ணாலதான் பேப்பர் படிக்கிறேன்" என்றார் ஆரோக்கியசாமி. "ஏதாச்சும் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"மேடம், எங்கப்பா பொய் சொல்ற ஆளில்ல" என்றார் ஸ்டெல்லா. அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். "அவரே இல்லங்கறாரு. நீங்க ஏன் லேட் பண்றீங்க? அவருக்குக் காலு போயிட்டு இருக்கு!"

எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த இடத்தில் நிற்கும்போது நமக்குள்ளே ஒரு குரல் கேட்கும். உங்களுக்கும் கேட்கும். 'டாக்டரே சொல்லிவிட்டார், நோயாளியே சொல்லிவிட்டார், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டோம், இனி நம் மேல் என்ன இருக்கிறது' என்று அது நயமாகப் பேசும். அந்தக் குரல் நம் வேலையைப் பற்றிப் பேசுகிறதே தவிர, ட்ராலியில் கிடப்பவரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

நான் காதர் ஐயாவின் கையைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றவர், சட்டையில் இருந்த அந்த வெள்ளை சிவப்புப் பதக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார். என் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'இல்லைங்க' என்று சொல்லும்போது கை இருக்குமே, அதே மாதிரி.

"எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னா நானே தள்ளிட்டுப் போய்ப் படம் எடுக்கறேன் சார்" என்றேன்.

"அதுக்குள்ள கால் போயிருச்சுன்னா? நீ பதில் சொல்லுவியா?"

"கண்ணு போயிருச்சுன்னா நான்தான் சார் பதில் சொல்லணும். கதவத் தொறக்கறது நான்."

சாவியைப் பைக்குள் போட்டேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆளும் நான்தான். அது அன்றோடு நின்றுபோகலாம் என்று தெரிந்துதான் நின்றேன். மருத்துவர் என்னை ஒரு கணம் முறைத்தார். "சீக்கிரம்" என்றார்.

எக்ஸ்ரே அறை அடுத்த கதவுதான். ஆனால் அன்றைக்குப் போல அது தூரமாக இருந்ததே இல்லை. ஆரோக்கியசாமியைக் கண்ணை மேலே உருட்டச் சொல்லி ஒரு படம், கீழே உருட்டச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். அவர் ஒத்துழைத்தார், கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கம் உள்ளவர். ஆனால் இரண்டாவது படத்துக்குச் சொன்னபோது, "காலு மரத்துக்கிட்டே வருது பாப்பா" என்று மெதுவாகச் சொன்னார். முதல்முறையாக அதிகாரம் இல்லாத குரல். நான் செய்வது தப்போ என்று அந்த நொடியில் எனக்கே தோன்றியது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரியான முடிவை எடுத்தால் மனசுக்குள் தெம்பு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை.

படம் திரையில் வந்தது. இடது கண்குழியில் கேழ்வரகு மணியை விடச் சிறியதாக ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தட்டில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். இரண்டாவது படத்தைத் திறந்தேன். புள்ளி இடம் மாறியிருந்தது. கண் உருண்டபோது அதுவும் கூடவே உருண்டிருந்தது. தூசி உருளாது.

மருத்துவர் என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு திரும்பி, "சிடி ரூமுக்குப் போன் பண்ணு. முதுகுல மருந்து ஏத்தி அங்கயே எடுத்திருவோம்" என்றபடி நடந்துவிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அதற்கு நேரமும் இல்லை. அந்த வழி கூடுதல் நேரம் பிடிக்கும், நோயாளிக்கு வலி அதிகம். ஆனால் அங்கே காந்தம் கிடையாது.

சிடி அறைக்குத் தள்ளிப்போகும்போது ஆரோக்கியசாமி நண்பரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "காதரு, உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

"கடைசியில மூடிட்டேன்ல?" காதர் ஐயாவின் கண்கள் கலங்கியிருந்தன. "மூடுனதுக்குத்தான் வெக்கமா இருக்கு. இந்தப் புள்ள விட்டிருந்தா உன் கண்ண நானே பறிச்சிருப்பேன்."

"தெரிஞ்சா இறக்கிவிட்டிருவாங்கடா."

"எவன் இறக்கப்போறான் மாப்ள? நீயாத்தான் கொடிக்கம்பத்துக்குக் கீழ இறங்கிக் கெடந்த. தூக்கி ஏத்துனதே நான்தான்."

ஸ்டெல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவுக்குப் போரில் காயம் பட்டது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அவருடைய அம்மாவுக்குக்கூடக் கடைசிவரை தெரியாதாம்.

அறுவை சிகிச்சை முடிந்தது. ஆனால் கால் அசையவில்லை. "பார்க்கலாம்" என்றார் மருத்துவர். அந்தப் 'பார்க்கலாம்' நாட்களில் நான் நன்றாகத் தூங்கவில்லை. எக்ஸ்ரேக்கு எடுத்துக்கொண்ட நேரம், சிடிக்குக் கூடுதலாகப் பிடித்த நேரம், எல்லாவற்றையும் யார் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் வார்டுக்குப் போவேன். ஆரோக்கியசாமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பார். காதர் ஐயா ஸ்டூலில் உட்கார்ந்து கமலாப்பழம் உரித்துக்கொண்டிருப்பார்.

"பேசவே மாட்டேங்கறான் தாயி" என்றார் என்னிடம். "தண்ணிக்கடியில வாய மூடியே பழகின பய. இதெல்லாம் இவனுக்கு எம்மாத்திரம்? நான்தான் உரிச்ச பழத்தையெல்லாம் நானே தின்னுக்கிட்டு இருக்கேன்."

இன்னொரு நாள் நான் போய் நின்றபோது, சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. "காதரு. போர்வைய விலக்கிப் பாரு. கட்டைவிரலு ஆடுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

காதர் ஐயா போர்வையை விலக்கினார். வலது கால் கட்டைவிரல், யாரையோ கூப்பிடுவது போல, மெல்ல ஆடியது. அவர் கையிலிருந்த பழம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

இப்போது நீங்கள் என்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த விரல் ஆடாமலே போயிருந்தால்? அப்போதும் கதவைத் திறக்காமல் இருந்தது சரிதானா? சரிதான். ஆனால் அதைச் சரி என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். நான் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அநேகமாக வேறு ஊரில், வேறு வேலையில். இதைத் தாங்கமுடியும் என்றால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெறுமனே இருக்கா இல்லையா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். கூட வந்தவரையும் பேசவிடுங்கள். மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லாததைச் சிநேகிதனைப் பற்றிக் கேலியாகச் சொல்லிவிடுவார்கள்.

மீதியை உங்களில் ஒருவர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். போன வாரம்தான், வரவேற்பு மேசையில் இருந்தபோது. வாக்கரைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்தார். பக்கத்தில் தொப்பி போட்ட இன்னொருவர். வாக்கர் பிடித்திருந்தவர் முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவர். நம்மிடம் வரவேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்ரே வரிசை எதிர்ப்பக்கம். உங்களுக்கு அது தெரியாது. எம்.ஆர்.ஐ.க்கு வந்தவர் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே கேட்டீர்கள். "பெரியவரே, உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கா?"

நான் உள்ளேயிருந்து எழுந்து வந்தேன், உங்களைத் திருத்த. அதற்குள் ஆரோக்கியசாமி ஐயா வாக்கரை விட்டு ஒரு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கு" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. "இடது கண்ணு. சண்டையில பட்டது."

நீங்கள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தீர்கள். "எழுதவா அக்கா?"

"எழுதுங்க" என்றேன்.

எழுதி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். "சரியா எழுதிட்டியானு படிச்சுக் காட்டு தம்பி" என்றார்.

நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு படித்தீர்கள். "ஆரோக்கியசாமி. இடது கண்ணில் இரும்புத் துணுக்கு. போரில் பட்ட காயம்."

அவருக்குப் பின்னால், கையில் மருந்துப்பையோடு நின்ற காதர் ஐயா, பையைத் தரையில் வைத்துவிட்டு, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.